ஏழு மொழி தெரிந்த இல்முத்தீன்

மீராமுகைதீன் அந்தப் படிவத்தை நிரப்பிய விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். டிராகன்களும் பூதங்களும் உலவும் ஒரு விளையாட்டுக்குப் பாத்திரம் உருவாக்கச் சொன்னால், மனிசன் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் எழுதுவது போல எழுதினார். பெயர் இல்முத்தீன். தொழில் அரண்மனை எழுத்தர். தகைமைகள் என்று தலைப்புப் போட்டுக் கீழே கோடும் இழுத்திருந்தார்.

விளையாட்டைக் கல்முனைக்குக் கொண்டுவந்தவன் றிஸ்மி. கட்டாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு ஒரு தடித்த விதிப்புத்தகத்தோடு வந்திறங்கினான். வெள்ளிக்கிழமைகளில் மாலை அஸர் தொழுகை முடிய, றிபாஸின் போன் கடை மேல்மாடியில் கூடுவார்கள். றிஸ்மி கதையை நடத்துவான். றிபாஸ், பாண்டிருப்புத் தனுசன், மீராமுகைதீன் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகத் தாயக்கட்டை உருட்டுவார்கள். பாத்திரம் ஒன்றுக்கு முப்பது புள்ளி. வாளுக்கோ, உடல்பலத்துக்கோ, மொழிக்கோ, கல்விக்கோ அவரவர் விருப்பம் போலப் பங்கிடலாம்.

றிபாஸ் எல்லாவற்றையும் வாளில் கொட்டினான். தனுசன் வில்லில். மீராமுகைதீன் வனத்தார் மொழி, குள்ளர் மொழி, நாக மொழி என்று ஏழு மொழி வாங்கினார். மிச்சத்துக்கு மூலிகை அறிவு, அரச வம்ச வரலாறு, பழைய வேதங்கள். ஒரு கத்தி பிடிக்கக்கூடப் புள்ளி மிஞ்சவில்லை.

"காக்கா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது," என்றான், அவரை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் றிபாஸ்.

ஆனால் அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. நாற்பத்து நாலு வயது, இருபது வருடக் கிளாக்கர் வேலை. பதவி உயர்வுக்கான சிங்கள வாய்மொழிப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர்; அது ஊருக்கே தெரிந்த கதை. எழுத்தில் தேறிவிடுவார், மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் போதும், படித்த சொல் ஒன்றும் வாய்க்கு வராது. அவருக்குப் பின்னால் சேர்ந்த றஸ்னா இன்று அவருக்கு மேலதிகாரி. கிழமையில் ஒரு நாள், ஒரு மேசையிலாவது, எல்லாம் தெரிந்தவராக இருக்க ஆசைப்பட்டார். பாவம், அவ்வளவுதான்.

எட்டுக் கிழமை அப்படி இருந்தும் பார்த்தார். கல்வெட்டு வாசித்தார், பூதத்தோடு பேரம் பேசினார். வாள்காரன் றிபாஸ் அவரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. றிஸ்மிக்கு அது பொறுக்கவில்லை.

ஒன்பதாம் கிழமை மூவரும் ஒரு கோட்டை வாசலுக்கு வந்தார்கள். "காவலாளி மூணு பேர் மேசைக்குப் பின்னால இரிக்காங்க," என்றான் றிஸ்மி. "நாக மொழிதான் கதைப்பாங்க. சரியாப் பதில் சொல்லாட்டி எழுத்தர்ட தலை போகும்."

"எனக்குத் தெரியும்! படிவத்துல இரிக்கி," என்றார் மீராமுகைதீன், குழந்தை போல.

றிஸ்மி நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒயாகே நம மொகக்த?"

சிங்களம். உன் பெயர் என்ன என்ற கேள்வி.

"நாக மொழி எண்டா இனி இதுதான். கதைச்சிக் காட்டுங்க, காக்கா."

"விதியில அப்படி இல்லயே. எழுதியிருந்தாப் போதும்..."

"ஒபிஸ் சோதனையிலயும் இதத்தானே சொன்னீங்க?"

றிபாஸ் வெடித்துச் சிரித்தான். கண்டியில் படித்த தனுசனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ வில்லுக்காரன். உன்ட ஆளுக்கு மொழி தெரியா," என்றான் றிஸ்மி. தனுசனும் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

தன் பெயரைச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையும் சொல்லும் பதில். மீராமுகைதீனின் உதடு அசைந்தது, காது மடல் சிவந்தது, சத்தம் வரவில்லை. றிபாஸ் பத்திலிருந்து கீழே எண்ணினான்.

"முதல்ல நாக்க அறுக்காங்க," என்று றிஸ்மி நிதானமாக விவரித்தான். "மறுகா தலை." படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தான்.

இனி மனிசன் வரமாட்டார் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வெள்ளி முதல் ஆளாக வந்திருந்தார். புதுப் படிவத்தில் முப்பது புள்ளியும் கோடரிக்கு. மொழி, கல்வி என்ற இடங்களில் குறுக்குக் கோடு. "இப்பதான் ஆம்புள," என்று றிபாஸ் முதுகில் தட்டினான். அவருக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த மாதம் இப்றாஹிம் சேர்ந்தார். பாலமுனையிலிருந்து பஸ் ஏறி வரும் கணக்கு வாத்தியார், பேசும்போது திக்கும். அவரும் புள்ளிகளையெல்லாம் மொழிகளிலும் கல்வியிலும் போட்டு, படிவத்தை வெட்கத்தோடு நீட்டினார். றிஸ்மி வாசித்துவிட்டு மேசையில் வைத்தான்.

மீராமுகைதீன் தன் கதிரையை மேசைக்கு மறுபக்கம் இழுத்துப் போட்டு, வாத்தியாரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"அஞ்சு மொழியா, சேர்?" என்றார். "கதைச்சிக் காட்டுங்க, கேப்பம்."