வரப்பில் கடப்பாரை படாமல்

பாகாலாவுக்குப் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் முதல் போகம். கதிர் பால் பிடிக்கிற நேரம். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் எலி நடுவயலில் வட்டமாக அறுத்துத் தள்ளியிருந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாக நாங்களே விதைத்த நெல் அது. இதுவும் போனால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வளைகள் இருந்தது பக்கத்து நிலத்து அம்மாவின் வரப்பில். எலி பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரார் வயலில் எலி பிடித்துச் சாப்பிட்ட குடும்பம். கடப்பாரையால் நாலு குத்து விட்டால் வேலை முடிந்தது. ஆனால் வரப்பு நம்முடையது இல்லையே. அப்பா, எங்கள் நைனா, ஊரார் வயலில் செய்வதுபோலவே வயலுக்கு வெளியே நின்று, கடப்பாரையைத் தரையில் கிடத்திவிட்டு, அந்த அம்மாவிடம் உத்தரவு கேட்டேன்.

"கட்டு மீத கட்டபாரா பெட்டொத்து," என்று தெலுங்கில் சொன்னார். பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார். "வரப்புல கடப்பாரை வெக்காத. ஒடைஞ்சா என் தண்ணியெல்லாம் பூடும். அங்க நான் பால் ஊத்துற புத்து வேற கீது. பொகை வாணாம், வெஷம் வாணாம். மத்தபடி புடிச்சிக்கோ."

தோண்டாமல், புகை போடாமல் எலி பிடி என்றால், கையைக் கட்டிவிட்டுச் சோறு பிசையச் சொல்வதுதான். வீட்டுக்கு வந்து கத்தினேன். மச்சான், "மருந்து வெச்சிட்டு வந்துடலாம் மாமா. யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும்டா," என்றேன்.

என் மனைவி சிரித்தாள். "அப்ப எலிகிட்ட போயி கையெடுத்துக் கும்புடு. அதுங்க பாட்டுக்கு துன்னுக்கினு இருக்கட்டும்."

அந்தக் கேலி உறைத்தது. சாயங்காலம் நானும் மச்சானும் போய், புற்றை மட்டும் விட்டுவிட்டு, வளைகளின் வாயையெல்லாம் ஈரச் சேற்றால் லேசாக மூடினோம். எலி குடியிருக்கும் வளை விடிவதற்குள் திறந்துவிடும். காலையில் பார்த்தால் திறந்து கிடந்ததெல்லாம் எங்கள் வயலைப் பார்த்த வாய்கள். திருட்டுப் பயல்களுக்குக் குடித்தனம் அந்த அம்மாவின் வரப்பில், சாப்பாடு எங்கள் வயலில். ஒவ்வொரு வாய்க்கும் எதிரே, எங்கள் மண்ணிலேயே மூங்கில் கிட்டிப் பொறியை நட்டு, வறுத்த அரிசியும் கருவாடும் வைத்தோம்.

மறுநாள் கிட்டிக்குக் கிட்டி எலி. மச்சானால் கோணியைத் தூக்க முடியவில்லை. அந்த அம்மா வந்து வரப்பின் மேல் முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தார். ஒரு கட்டி மண்ணும் பெயரவில்லை. "பாக சேசாவு," என்று பாராட்டிவிட்டுப் போனார். கேலி செய்த மனைவியே அன்றைக்கு எலிக்குழம்பு வைத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நெல் வீடு வந்து சேர்ந்தது. அறுப்பு முடிந்த வயலில் நான் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோது, எலி பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். பக்கத்து நிலத்து அம்மாவைத் தேடி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என் வயலோரம் நின்றார்கள். முன்னால் நின்றவர் கடப்பாரையைத் தரையில் கிடத்தினார்.

"அண்ணா, உள்ள வரலாமா?"

நைனா ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி. வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"வாங்க," என்றேன். "வரப்புல மட்டும் கை வெக்காதீங்க. அது பக்கத்து அம்மாவோடது."