கத்தியக்கா வரைந்த இருபத்தெட்டாவது கத்தி

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவரைக் கடையில் எல்லோரும் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் முன்பக்கம் கண் பரிசோதிப்பவன். நான் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து, லென்ஸை ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரவைப்பது அவர் வேலை. விளிம்பை விரல் நுனியால் தடவிவிட்டு, “இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்பார். அளந்து பார்த்தால் இருக்கும்.

பட்டப்பெயருக்குக் காரணம் வேறு. ஒரு புயலில் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு மரம் விழுந்தது. கணவர் பெயிண்டர், ஏணியிலிருந்து விழுந்து அப்போது கையில் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டில் ஒரு பெரிய கத்தியை இரவல் வாங்கி அக்காவே கிளை கிளையாக வெட்டித் தள்ளினார். “உள்ளங்கை பூரா கொப்புளம். ஆனா டாக்டரே, அன்னிக்குத் தூங்கின மாதிரி நான் என்னிக்கும் தூங்கினதில்ல” என்றார் என்னிடம். நான் டாக்டர் இல்லை. யாருக்காவது பட்டம் சூட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

இரவல் கத்தியைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே சொந்தமாக ஒன்று வாங்கினார். பிறகு அதைவிட நீளமாக ஒன்று, கனமாக ஒன்று. மடக்குக் கத்தி பழம் நறுக்கத்தான் லாயக்கு என்பார். முழங்கை நீளத்துக்கு, மடங்காமல், மரத்தை வெட்டுவதுதான் அவருக்குக் கத்தி. இருபத்தேழு சேர்ந்துவிட்டது. “எங்க வீட்டுல சண்டை வந்தா நான்தான் முதல்ல இறங்கி வரணும். வேற வழி?” என்பார் பெயிண்டர்.

அக்கா அவற்றை அழகுக்குச் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஊருக்கு வெளியே இருந்த மரம் அறுக்கும் பட்டறையின் பின்புறம் போவார். ஒரே மரம், ஒரே பருமனுள்ள கட்டைகள். ஒவ்வொரு கத்திக்கும் ஐம்பது வெட்டு. ஆழத்தை அளந்துவிட்டு அதே கத்தியால் ஒரு தாளை அறுத்துப் பார்ப்பார், கூர் மிச்சமிருக்கிறதா என்று. கை அதிர்ந்ததா, பிடி வழுக்கியதா, எல்லாம் நோட்டில் ஏறும். கனமான கத்திதான் ஆழமாக வெட்டும் என்பது சுத்தப் பொய் என்பார். கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். பிடிக்கு மூன்று விரல் முன்னால் இருந்தால் கத்தி தானாக விழும், கை வழிகாட்டினால் போதும்.

கூடப் போவது அவர் தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா ஷிப்ட் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். கருவிகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தான். ஒருவர் வெட்டினால் மற்றவர் எண்ணுவார். “நாப்பதுக்கு மேல உனக்கு மூச்சு வாங்குதுக்கா, எங்கிட்ட குடு” என்று பிடுங்கிக்கொள்வான். பதினோரு வருடம் அப்படிப் போனது.

அந்தப் பதினோரு வருட நோட்டுகளிலிருந்து ஒரு கத்தி பிறந்தது, காகிதத்தில். யாரும் செய்யாத இருபத்தெட்டாவது கத்தி. வரைபடத்தாளில் சரியான அளவில் வரைந்திருந்தார். அலகிலிருந்து பிடிக்குள் நீளும் இரும்பை வால் என்பார்கள். அந்த வால் பிடியின் கடைசி வரை போகும். கனம் பின்னால் சாயாமலிருக்க அதில் மூன்று துளைகள். பிடியில் ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம். தம்பி அதை வெகுநேரம் பார்த்தான். “பத்திரமா இருக்கட்டும்” என்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு மீட்டிங் வர ஆரம்பித்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதிய இடைவேளையில், நானும் அக்காவும் பக்கத்துத் தெரு இரும்புக்கடைக்குப் போனோம். புதுக் கத்தி வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தார். கடைப்பையன் எடுத்துக் கொடுத்தான். அக்கா அதைக் கையில் வாங்கினார். ஆள்காட்டி விரலுக்கு முன்னால் இருந்த சின்னப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“கம்பெனில ஒரு சார் டிசைன் பண்ணது மேடம். பத்து வருஷமா மரம் வெட்டி வெட்டிப் பாத்துப் பண்ணாராம்” என்று ஒரு விளம்பரத் தாளை நீட்டினான்.

தாளில் தம்பியின் படம். சட்டைக் கையை மடித்துவிட்டு, மரப்பட்டறைக் கட்டையில் கால் வைத்து நின்றான். படத்தின் ஓரத்தில் நோட்டைப் பிடித்த ஒரு கை தெரிந்தது, மணிக்கட்டு வரை. மீதியை வெட்டியிருந்தார்கள். அக்கா தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே வளையல்.

கத்தியை வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வெட்டிப் பார்த்தார். முப்பதாவது வெட்டிலேயே பிடி லேசாக ஆடியது. திங்கட்கிழமை கடைப் பின்னறையில் அதன் ஆணிகளைக் கழற்றினார். வால் பிடியின் பாதி வரைதான் போயிருந்தது. அப்போதே தம்பிக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஏன்டா வாலைக் குறைச்சீங்க?” இதைத்தான் முதலில் கேட்டார்.

“அக்கா… நானே சொல்லலாம்னு இருந்தேன். கனம் கூடுதுன்னு கம்பெனில குறைக்கச் சொன்னாங்க.”

“அதுக்குத்தானேடா தொளை போட்டிருந்தேன்?”

“தொளை போட்டா வேலை கூடுமாம்.”

பிறகு அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார். “என் பேர ஏன் சொல்லல?”

“ஒரு பொம்பள வரைஞ்சதுன்னா யாரு வாங்குவாக்கா? நீயும் அதைப் பெட்டிக்குள்ளயேதானே வெச்சிருந்தே?”

அக்காவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “பேரு கெடக்கட்டும். இது உடையும். யாரு கையிலயாவது உடையும். விக்கறத நிறுத்தச் சொல்லு.”

“சரிக்கா. நான் பேசறேன். என்னை நம்பு.”

நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டார். “பேசிட்டேன்”, “பாக்கறேன்னாங்க”, “மேல போயிருக்கு” என்று பதில் வந்துகொண்டே இருந்தது.

நான்காவது வாரம், சாலை போடும் ஆட்களுக்குச் சமைக்கும் ஒருவர் அந்தக் கத்தியால் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். அலகு பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் அவர் பாதத்தில் இறங்கியது. விரல் நரம்பு அறுந்துவிட்டது.

பத்து நாளில் கம்பெனி அதிகாரி ஒருவர் எங்கள் கடைக்கே வந்தார். மரியாதையானவர். அக்காவின் மேஜைமேல் ஒரு நகலை வைத்தார். “இது நீங்க வரைஞ்சதுதானே? குறை வரைபடத்துலயே இருக்குன்னு உங்க தம்பி எழுதிக் கொடுத்திருக்காரு. உங்களை நம்பித்தான் தந்தாராம்.”

அக்காவின் வரைபடம்தான். அக்காவின் கையெழுத்து. மேலே அவருடைய பெயர்கூட இருந்தது. கத்தி விற்ற வரைக்கும் எங்குமே காணாத பெயர், உடைந்த பிறகு முழுசாக, தலைப்பெழுத்தோடு வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் வால் பாதியில் நின்றது. துளைகள் இல்லை. அழித்துவிட்டு வேறு யாரோ கோடு போட்டிருந்தார்கள்.

“யாரோ இல்ல டாக்டரே. அவன் கோடு எனக்குத் தெரியும். ஸ்கேல் வெச்சாலும் கடைசில ஒரு இழு இழுத்துடுவான். அவனுக்குக் கோடு போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்” என்றார் பிறகு.

அதிகாரி மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். அன்று வீட்டில் பெயிண்டர், “கூடப்பொறந்தவன். ஒரு தடவை யோசி” என்று மட்டும் சொன்னாராம். அக்கா யோசித்தார். அடிபட்டவர் இனி நேராக நடப்பாரா என்று யோசித்தார். மறுநாள் அசல் வரைபடத்தையும், அந்தக் கத்தியால் வெட்டிப் பார்த்துத் தேதியோடு எழுதிய நோட்டையும், கழற்றிய கத்தியையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

கத்தியைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தம்பிக்கு வேலை போனது. கடை வாசலில் வந்து நின்று கத்தினான்.

“ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்! உனக்கென்ன ஆகியிருக்கும்? உனக்கு இது பொழுதுபோக்கு. எனக்குச் சோறு!”

“மூணு வாரம் உங்கிட்டதானேடா சொன்னேன்” என்றார் அக்கா. உள்ளே வந்து இயந்திரத்தைப் போட்டார். அன்று தேய்த்த இரண்டு லென்ஸும் உடைந்தன.

அடிபட்ட சமையல்காரரைப் பார்க்க நானும் கூடப் போனேன். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அக்கா தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “அந்த மூணு தொளை போட்டிருந்தா நின்னிருக்குமா?” என்றார்.

“தொளை கனத்துக்கு. வால் முழுசா இருந்தா நின்னிருக்கும்.”

“அப்ப உங்க மேல எனக்கு வருத்தமில்ல” என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டார். எல்லாம் நடந்ததில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

தம்பி இப்போது வேறு ஊரில் தண்ணீர் மோட்டார் விற்கிறான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா வீட்டில் இருவரும் சந்திக்கிறார்கள். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. போன வாரம் டீ குடித்துக்கொண்டே சகஜமாகக் கேட்டிருக்கிறான்: “அக்கா, புதுசா ஏதாவது கத்தி பாத்தியா?”

“அதெல்லாம் விட்டுட்டேன்டா” என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாராம். அன்று காலைதான் புதிதாக வாங்கிய ஒன்றால் ஐம்பது வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுக் குளித்துக் கிளம்பியிருந்தார்.