நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன்

பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுப்பவருக்கு மேசை கிடையாது, கைப்பேசிதான் மேசை. இந்தத் தொழிலில் சிக்கிக்கொண்ட தோழர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எனக்கு நேர்ந்தவற்றை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: கழிவறைக்குப் போகப் பெண்களுக்கு அனுமதிச் சீட்டு எதற்கு என்று துண்டறிக்கை கொடுத்ததால் தம்போய் மின்னணுத் தொழிற்சாலை என்னை வேலையை விட்டு நீக்கியது. இரண்டாவது: எனக்காக நிற்க வேண்டிய சங்கத் தலைவர், நிர்வாகத்தோடு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, காலம் மாறிவிட்டது என்றார். மூன்றாவது: துண்டறிக்கைகளில் அரசியல் படித்து, நரை கண்ட பிறகு பட்டம் வாங்கிய என்னை, கள அனுபவம் வேண்டும் என்று கூப்பிட்டுத் தொழிலாளர் உறவுகள் பாடம் தந்த பல்கலைக்கழகம், ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி தரவில்லை. நான்காவது: அந்தச் சுற்றறிக்கை. முதல் மூன்றையும் செரித்துவிட்டேன். நான்காவதுதான் தொண்டையில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள்

விரிவுரையாளர்கள் தங்கள் மாணவர்களோடு சமூக ஊடகங்களில் நட்பில் இருக்கக் கூடாது, இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் விலகிவிட வேண்டும் என்றது சுற்றறிக்கை. வேறு பிரிவில் ஓர் ஆள் மாணவியருக்கு வேண்டாத நேரத்தில் வேண்டாததை எழுதியிருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் வேலி போட்டார்கள்.

ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகநூலில் ஒவ்வொரு முகமாக வந்தது. தீபாவளிக்கு முறுக்குப் படம் அனுப்பிக் கருகிவிட்டதா என்று கேட்டவன். தன் அப்பா இறந்த அன்று எனக்கு முதலில் எழுதியவள். ஒவ்வொருவராக நீக்கினேன். தேநீர் ஆறி ஏடு கட்டிவிட்டது.

மறுநாள் வகுப்பில் தினேஷ் எல்லார் முன்னாலும் சொன்னான்: “பரவால்ல மேடம், எங்கம்மா என்னை பிளாக் பண்ணி ரொம்ப நாளாச்சு. நீங்க ரெண்டாவது லா.”

பாதி எழுதிய பதில்

கடைசியாக நீக்கியது யோகேஸ்வரியை. லாபிஸ் பக்கம், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. நான் முகநூலில் பழைய வேலைநிறுத்தக் கதை எழுதினால் மற்றவர்கள் இதயம் போடுவார்கள். இவள் கேள்வி போடுவாள். வேலைநிறுத்தக் கூடாரத்தில் ஒரே பொட்டலத்துச் சோற்றைப் பத்துக் கைகள் பிய்த்துத் தின்ற நாள்களுக்குப் பிறகு, என்னோடு மல்லுக்கு நிற்க ஆள் கிடைத்தது இவள் வந்த பிறகுதான். அவள் கேள்வியைக் காலையில் பேருந்தில் படித்துவிட்டு நாளெல்லாம் அதையே மென்றுகொண்டிருப்பேன்.

சுற்றறிக்கை வந்த வாரம் அவள் கேட்டதற்குப் பதிலைப் பாதி எழுதி வைத்திருந்தேன். சரியான சொல் வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பதில் போகவில்லை, அவளைத்தான் நீக்கினேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் கேட்டது இதுதான்: “மேடம், உங்க காலத்துல ஃபேக்டரி கேட்டு முன்னால நின்னு கத்துனீங்க. எங்க காலத்துல கேட்டு எங்க இருக்குன்னே தெரியலையே, எங்க போய் நிக்கிறது?”

அனுமதிக்கப்பட்ட குழு

மாணவர்களோடு பேசுவதற்கு அதிகாரபூர்வமான வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்று உண்டு. அலுவலக நேரத்தில் மட்டும், பாடம் பற்றி மட்டும், அலுவலகத்து ஆள் ஒருவரையும் உள்ளே வைத்துக்கொண்டு. கங்காணி நிற்கும் வரிசையில் யார் வாய் திறப்பார்கள்? நான் நீளமாக எழுதுவேன். வரிசையாகக் கட்டைவிரல் வந்து விழும்.

அந்தக் கட்டைவிரல்களில் யோகேஸ்வரியுடையது இல்லை. வகுப்பிலும் அவளைக் காணவில்லை. ஒரு வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவளுடைய நாற்காலியில் மற்றவர்கள் பை வைக்கத் தொடங்கினார்கள். வருகை குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள்; அவளுக்கு அது கடைசிப் பருவம். எல்லாருக்கும் பொதுவாக எழுதுவதுபோலக் குழுவில் எழுதினேன்: வராமலிருப்பவர்கள் எந்தத் தயக்கமும் இன்றி வரலாம், கதவு திறந்தே இருக்கிறது, உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று.

வகுப்புத் தலைவி மலர், பாடம் முடிந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “மேடம், நீங்க எழுதுறத எல்லாரும் படிக்கிறோம். ஆனா கடைசில ஏதாச்சும் மனுவுல கையெழுத்து கேட்டுருவீங்களோன்னு பயமா இருக்கு.”

வேறு பெயர்

தம்போயில் என்னோடு இருக்கும் அண்ணன் மகள் சுபா, கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள். நான் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அதிர்வுக்கும் கையைக் கழுவாமலே எடுத்துப் பார்ப்பதை அவள் கவனித்திருக்கிறாள். வேறு பெயரில் ஒரு கணக்குத் திறந்தால் அந்தப் பிள்ளையின் இன்ஸ்டாவைப் பார்க்கலாம், எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும், கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடலாம் என்றாள்.

ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். பூனைப் படம் போட்டு, பூங்கொடி என்று பெயர் வைத்து, ஓரமாக நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் என் வாழ்நாளில் பெயர் போடாத துண்டறிக்கையை நான் அடித்ததில்லை. மொட்டைக் கடிதாசி எழுதியவர்கள் எல்லாம் பிற்பாடு எந்தப் பக்கம் போனார்கள் என்பதைப் பார்த்தவள் நான். முடியாது என்றேன்.

சுபா என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “அப்ப ஒன்னும் செய்ய முடியாது அத்தை. கொள்கைய வச்சுக்கிட்டு சோறு சாப்பிடுங்க.”

விதிக்குத் தெரியாது

டாக்டர் மீனாள் எங்கள் துறைத் தலைவர். செட்டிநாட்டுப் பூர்வீகம், என்னைவிட மிகவும் இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போய், அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வரி அனுப்ப அனுமதி கேட்டேன். பல்கலைக்கழக மின்னஞ்சலில் எழுதுங்கள் என்றார். எழுதியாயிற்று, அதை எந்த மாணவர் திறக்கிறார் என்றேன்.

வாதாட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று வாய் வரவில்லை. தொழிற்சாலையில், வேலை முடிந்து போன பெண்களைச் சூப்பர்வைசர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தபோது, பணிநேரம் முடிந்தால் எங்கள் காது எங்களுக்கே என்று துண்டறிக்கை எழுதியது யார்? நான்தான். இன்று அதே வாசகம் சுற்றறிக்கையாகத் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அது நியாயமான விதி. அதுதான் கசக்கிறது.

மீனாள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். “அக்கா, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், ஒரே ஒரு வரின்னு ஆரம்பிச்சவங்களாலதான் இந்த ரூலே வந்துச்சு. உங்க மனசு எனக்குத் தெரியும். ரூலுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு சாட்சிகள்

இப்போது வகுப்பில் யாரும் பெயரைக் கூப்பிடுவதில்லை. திரையில் ஒரு கட்டம் வரும். கைப்பேசியைக் காட்டினால் வருகை பதிவாகிவிடும். ஒரே ஒரு சமயம் மட்டும் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். தேர்விலிருந்து விலக்குமுன், இரண்டு மாணவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, விரிவுரையாளர் அந்தப் பெயரை வகுப்பில் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லப்பட்டால் துறைத் தலைவரின் முடிவுக்குப் போகும். பதிலே இல்லை என்றால், போயிற்று. எங்கள் துறையின் வழக்கம் இது.

மலரையும் தினேஷையும் சாட்சியாக வைத்தேன். அடையாள அட்டையில் இருப்பதுபோல், இன்னார் மகள் என்பதை மலாயில் சேர்த்து முழுப் பெயரையும் வாசித்தேன். வகுப்பு தலை குனிந்தது. மலர்தான் வாய் திறந்தாள். யோகேஸ்வரியின் அம்மாவுக்குச் செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்துவிட்டது. இவள் விடிவதற்கு முன் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். தட்டுக் கழுவும் படத்தைப் போட்டிருக்கிறாள். வகுப்பே பார்த்திருக்கிறது.

“எல்லாருக்கும் தெரியுமா? ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லையே மேடம்,” என்றாள் மலர். “அவ என்னமோ கேட்டாளாம், நீங்க கோவத்துல அவள தூக்கிட்டீங்களாம். எல்லாரையும்தான் தூக்குனாங்கன்னு சொன்னேன், நம்பல. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லீவு கேக்குறதுன்னு அழுதா.”

கேட்கவில்லைதான். ஒரு தொழிலாளியைப் பற்றி இன்னொரு தொழிலாளியிடம் விசாரிப்பது கங்காணி வேலை என்று பழகி வந்தவள் நான். இத்தனை வாரமும் கைப்பேசியைப் பார்த்து ஏங்கினேனே தவிர, எதிரில் உட்கார்ந்திருந்த முகங்களில் ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. போராட்டத்தில் கற்ற ஒழுக்கம் ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைக்கப் பார்த்தது.

அதற்குள் தினேஷ் தன் கைப்பேசியில் எண்ணை அழுத்தி, பாட்டுக் கேட்பதுபோல ஒலியைக் கூட்டி, என் முன்னால் வைத்தான். தட்டுகள் மோதும் சத்தம். யாரோ சீன மொழியில் ஆர்டர் சொல்லும் சத்தம். பிறகு அந்தச் சத்தங்கள் தூரமாகப் போயின. யாரோ கடைக்கு வெளியே வந்து மூச்சை அடக்கி நிற்பதுபோல் இருந்தது.

“அவதான் மேடம். இன்னொரு தடவ வாசிங்க, காரணத்த அவளே சொல்லட்டும்.”

மாணவியைத் தேடிப் போகாதே என்ற விதியில் ஓர் எழுத்தைக்கூட மீறாமல் அவளைக் கூப்பிட இந்தத் தொழிலில் மிச்சமிருக்கும் ஒரே வழி, அவளை விலக்கப்போகிறேன் என்று அறிவிப்பதுதான் என்பதால், சாட்சிகள் இருவரும் எழுந்து நிற்க, நடுங்காத குரலில் மறுபடியும் வாசித்தேன்: “யோகேஸ்வரி அனாக் பெரம்புவான் முனியாண்டி.”