ஆறு பேர் இருக்கையில் அம்மாவின் பை

என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் மலைமேல் நாற்காலிகள் ஏறிப் போவது தெரியும். ஆஸ்திரியாவில், டிரோல் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது எங்கள் ஊர். குளிர்காலம் முழுக்கக் காலை எட்டரைக்கு அந்த நாற்காலிகள் ஓடத் தொடங்கிவிடும். கம்பியில் தொங்கிக்கொண்டு, ஆறு பேர் உட்காரக்கூடிய நீள இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். மறுபக்கம் கீழே வரும். பனிச்சறுக்குக்காரர்களை உச்சிக்குக் கொண்டுபோகும் அதிவேக லிஃப்ட் அது. ஸெஸல்பான் என்பார்கள். வார நாட்களில் பாதிக்குமேல் காலியாகத்தான் போகும். யாரும் ஓடிவந்து ஏறுவதில்லை, யாரும் யாரையும் இடிப்பதில்லை. மதுரையில் டவுன் பஸ் ஏறி வளர்ந்த ஒருத்திக்கு இத்தனை காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா காப்பி குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பதினொரு வருடமாக நான் அதில் ஏறியதில்லை. உயரம் என்றால் எனக்குக் கால் கூசும். திருப்பரங்குன்றம் மலையிலேயே பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டவள் நான். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் ஒருமுறை இந்தப் பயத்தைச் சொன்னேன். அவள் அக்கறையாக யோசித்து, “அப்படியானால் நீ வேகமான லிஃப்டில்தான் போகவேண்டும். சீக்கிரம் முடிந்துவிடும்” என்றாள். ஏறாமலே இருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் யாராவது மலைக்குப் போனாயா என்று கேட்டால், பனி நன்றாக இருந்தது என்று பொதுவாகச் சொல்லிவைப்பேன். பனி நன்றாகத்தானே இருக்கிறது, ஜன்னலில் இருந்து பார்க்க.

போன மாசி மாதம் அம்மா வந்திருந்தாள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தல்லாகுளத்தில் கோர்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். அவர் போன பிறகு அம்மா திருநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். அம்மாவும் ஓய்வுபெற்றவள்தான், திருமங்கலம் தாண்டி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் டீச்சர். அவளை இங்கேயே வைத்துக்கொள்வது என்று நான் முடிவுசெய்து, வக்கீலைப் பார்த்து, ஓர் ஆண்டு அலைந்து, நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்தைத் தயார் செய்துவிட்டேன். அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாகக் கிடந்தது. அம்மா அதன்மேல் ரசம் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள், துடைத்தாள், ஓரமாக நகர்த்தினாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. கேட்டால், “இப்ப என்ன அவசரம்” என்பாள். அவளுக்குத் திரும்புகிற டிக்கெட்டு அடுத்த வாரம் இருந்தது. எனக்கு அவசரம்தான்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா ஜன்னலில் நின்றுகொண்டு, “அந்தச் சேரெல்லாம் சும்மாவே போகுதே, நம்மளும் ஒருக்கா போயிட்டு வருவமா?” என்றாள். நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள், அந்த நாற்காலியில் இருந்து எழுந்து எங்கே போய்விட முடியும் என்று ஓர் எண்ணம் வந்தது. நடந்து வருகிறவர்களுக்கும் டிக்கெட்டு தருவார்கள், ஏறி உச்சியைப் பார்த்துவிட்டு அதிலேயே இறங்கி வரலாம். அம்மா சேலைக்குமேல் என் கணவரின் பெரிய ஜாக்கெட்டும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு, புளிச்சோற்று டப்பாவைத் தன் பழுப்புத் தோள்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே பின்னால் போனேன்.

கீழ் நிலையத்தில் இருக்கைகள் வளைந்து திரும்பி, நடக்கிற வேகத்தில் மெதுவாக வருகின்றன. சின்னத் தடுப்புக் கம்பி ஒன்று திறக்கும். நாலடி முன்னால் போய் நிற்க வேண்டும். இருக்கை பின்னால் வந்து முழங்காலைத் தொடும், உட்கார வேண்டும். அவ்வளவுதான். அன்று கூட்டமே இல்லை. லிஃப்டை இயக்குகிற இளைஞர் அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். நான் தடுப்புக்குப் பின்னால் நின்று, இதை விட்டுவிட்டு அடுத்ததில் போகலாம், அடுத்ததில் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது இருக்கை வந்தது. அம்மா தோளில் இருந்து பையைக் கழற்றினாள். தடுப்புக்கு மேலாக எட்டி, ஒரே வீச்சில் அதை இருக்கைமேல் போட்டாள். நடுவில் போய்ச் சரியாக உட்கார்ந்தது பை. நான் தயங்கியதில் தடுப்பு அதற்குள் மறுபடி மூடியிருந்தது. இருக்கை நின்று காத்திருக்கவும் இல்லை. பையை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது.

இதைப் படிக்கிற மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். திருநகர் நிறுத்தத்தில் காலை ஏழேகாலுக்கு வருகிற பஸ்ஸில் அம்மா இடம் போடுவதை ஊரே வேடிக்கை பார்க்கும். பஸ் நிற்பதற்குள், ஓடுகிற ஜன்னலுக்குள் பையைச் செலுத்திவிடுவாள். குறி தப்பியதை நான் பார்த்ததில்லை. பிறகு நிதானமாக, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆளாக ஏறிப் போய் உட்காருவாள். பை இருக்கிற இடத்தில் எவனும் உட்கார மாட்டான், எப்பேர்ப்பட்ட முரடனாக இருந்தாலும். எனக்குச் சின்ன வயதில் இது வெட்கமாக இருக்கும். பெரியவளான பிறகுதான் அம்மாவின் அப்பாவைப் பற்றி அவள் சொல்லக் கேட்டேன். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர் அவர். பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாராம், பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவாராம். உட்கார்ந்தால் முன்சீட்டில் இருந்து யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வைக்காக முழங்கால் வலியோடு நின்றே பழகியவர். அம்மா டீச்சர் வேலைக்குப் போன முதல் நாள் ஏறி உட்கார்ந்தது டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு, ஜன்னலோரம். அதனால் அம்மா பையை வீசுவதை நான் எப்போதும் ஒரு சண்டையாகவே புரிந்துவைத்திருந்தேன். விட்டுக்கொடுத்தால் பறித்துக்கொள்வார்கள் என்ற சண்டை.

“பை! பை!” என்று நான் தமிழில் கத்தினேன். இளைஞர் திரும்பிப் பார்த்து, ஏறப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாக எங்கள் இருவரையும் அடுத்த இருக்கையில் உட்காரவைத்துப் பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிட்டார். ஐந்தாறு விநாடி மெதுவாக நகர்ந்த நாற்காலி, நிலையத்தை விட்டதும் ஒரு எம்பு எம்பியது. காலுக்கடியில் தரை இறங்கிப்போனது, பைன் மரங்களின் உச்சி பூட்ஸுக்கு நேராக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாதான் வர்ணித்துக்கொண்டு வந்தாள். முன்னால் ஆறு பேர் இருக்கையில் தன்னந்தனியாகப் பை போவதைப் பார்த்து, “மகராசி மாதிரி போகுது பாரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணைத் திறந்தேன். உச்சி நெருங்கியபோது லிஃப்ட் நின்றது.

திடீரென்று சத்தமே இல்லை. நாற்காலி முன்னும் பின்னும் ஆடி அடங்கியது. கீழே ஒரு பனைமர ஆழத்தில் வெறும் பனி. கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது: யாரோ ஒருவர் இருக்கையில் இருந்து விழுந்திருக்கலாம், தேடுகிறோம், பொறுமையாக இருங்கள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. எங்களுக்குக் கீழே பனியில் ஓடும் வண்டியில் இரண்டு பேர் மெதுவாகத் தேடிக்கொண்டே போனார்கள். அம்மாவும் எட்டிப் பார்த்துத் தேடினாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டாள். “யாரு பெத்த புள்ளையோ ஆண்டவரே, ஒரு சேதாரமும் இல்லாமக் காப்பாத்தும்” என்று வாய்விட்டு ஜெபித்தாள். நானும் ஆமென் சொன்னேன்.

பத்து நிமிடம் ஆகியும் நகரவில்லை. பயம் ஒரு கட்டத்துக்குமேல் தானாகவே களைத்துப்போகிறது. நான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

“அம்மா, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுருவியாம்மா?”

“இங்கன அந்தரத்துல தொங்கவிட்டுத்தான் கேக்கணுமாக்கும்?”

“வேற எங்க கேட்டாலும் நீ எந்திருச்சுப் போயிர்றியே. அங்க தனியா இருந்து என்னத்தம்மா பண்ணப் போற? ஒரு காச்ச தலவலின்னா யாரு இருக்கா?”

“எதிர்த்த வீட்டு மேரி டீச்சர் இருக்கா. ஞாயித்துக்கெழம நான் வரப் பிந்துனாலும் கோயில்ல மூணாவது பெஞ்சுல எனக்கு எடம் போட்டு வச்சிருக்கா. போன மாசம் நான் இங்கிட்டு வந்தபெறகும், பழக்க தோசத்துல பைபிள எடுத்து என் எடத்துல வச்சுட்டாளாம். போன்ல சொல்லிச் சிரிக்கிறா.”

“இங்கயும் கோயில் இருக்கும்மா. பெஞ்செல்லாம் காலியாத்தான் கெடக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருட அலைச்சலை மேரி டீச்சரின் பைபிளோடு ஒப்பிடுகிறாளே என்று. அதற்குள் லிஃப்ட் நகரத் தொடங்கிவிட்டது.

மேல் நிலையத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கையில் அம்மாவின் பையோடு நின்றிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆளில்லாமல் ஒரு பை மட்டும் வந்து சேர்ந்தால் அவர் வேறென்ன நினைப்பார்? விழுந்தது யாரும் இல்லை. அம்மா உருகி உருகி ஜெபித்தது தன் தோள்பைக்காக. எங்களால் அந்த மலையில் அத்தனை பேர் குளிரில் தொங்கியிருக்கிறார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. விழுந்தவர் இல்லை என்பதிலேயே அவருக்குப் பாதி உயிர் வந்திருந்தது. ஆனால் அறிக்கை எழுத வேண்டுமாம், பை எப்படித் தனியாக வந்தது என்று கேட்டார். இடம் பிடிப்பதற்காகப் போட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. ‘ரெஸர்வியர்ட்’ என்று ஹோட்டல் மேசைகளில் வைத்திருப்பார்களே, அதைப்போல என்றேன். அவர் கீழே பார்த்தார். காலி இருக்கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. “யார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்படியில் நின்றே வந்த என் தாத்தாவை, அந்த முன்சீட்டுப் பார்வையை, ஜெர்மன் மொழியில் எங்கே தொடங்கிச் சொல்வது? வெட்கம் அம்மாவின் பக்கம் திரும்பியது. “அசிங்கமா இருக்கும்மா. யாரு வந்து உக்காந்துருவான்னு பயந்து எடம் போட்டன்னு கேக்குறாரு” என்று வள்ளென்று விழுந்தேன்.

அம்மா நிதானமாகக் குல்லாவைச் சரிசெய்துகொண்டாள். “யாராச்சும் வந்துருவாகன்னா எடம் போடுறது? யாருக்கு வேணுமோ அவுகளுக்காகல்ல போடுறோம். நீ பயந்துக்கிட்டுப் பின்னாடியே நின்ன. ஒனக்குத்தான் போட்டேன்” என்றாள்.

நான் தாடிக்காரரிடம், “எனக்காகப் போட்டாராம்” என்று மட்டும் சொன்னேன். அவர், “அ, மகளுக்காக” என்று தலையாட்டிக்கொண்டு அதையே எழுதிக்கொண்டார். அந்த அறிக்கை எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை.

அந்த ஒரு வாக்கியம் என்னை என்னவோ செய்துவிட்டது. ஏழேகால் பஸ்ஸை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அம்மா போட்ட இடத்தில் எத்தனை நாள் அம்மா உட்கார்ந்தாள்? மேரி டீச்சர் இருப்பார், அவர் மடியில் நான் இருப்பேன், பக்கத்தில் கர்ப்பமாயிருந்த சத்துணவு அக்கா இருப்பார். பல நாள் அம்மா நின்றுகொண்டுதான் வருவாள். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததுதான். பார்த்தும் அதைச் சண்டை என்றே வைத்திருந்தேன்.

புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். கீழே போகிற பக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் சறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எதிரே மேலே வருகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அம்மாவும் எல்லாருக்கும் அசைத்தாள். பாதி வழியில், நான் கேட்காமலே பேசினாள்.

“கையெழுத்துப் போட மாட்டேன்த்தா. கோவிச்சுக்கிறாத. மாடில ஒன் ரூம் இருக்குல்ல, அத வாடகைக்குக் கேட்டு எம்புட்டுப் பேரு வந்துட்டாக தெரியுமா? பேங்க்கு ஆளுக, டீச்சருங்க, கல்யாணமான புதுப் புள்ளைக. எல்லார்ட்டயும் ஒரே பதில்தான். ஆள் வருதுன்னு சொல்லிச் சொல்லி அனுப்புறேன். ஒங்கப்பா இருந்தப்பவே அப்பிடித்தான். நானும் இங்க வந்து உக்காந்துட்டா, அந்த எடத்த யாரு பாப்பா?” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நீ வாரியாத்தா?”

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்த்து வரவில்லை. மூன்று வருடம் முன்பு, அப்பா இருந்தபோதே, நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அது அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அதன் அர்த்தத்தை நான் உடைத்துச் சொன்னதில்லை. எனக்காகப் பதினொரு வருடமாகப் போட்டுவைத்திருக்கிற அந்த அறைக்குப் போக எனக்கு இப்போது விசா வேண்டும். வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. அழுகை வந்தது, வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். அம்மா பார்க்காததுபோல் எதிரில் வந்தவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்துக்குள் நாற்காலி மெதுவானது. கம்பியைத் தூக்கினார்கள். அம்மா சட்டென்று எழுந்து நடந்து விலகிவிட்டாள், ஓடுகிற பஸ்ஸில் இறங்கிப் பழகியவள். நான் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். இருக்கை வளைவில் திரும்பி, மறுபடி மலைப்பக்கம் போகத் தொடங்கியபோது அந்த இளைஞர் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினார். எங்கள் குடும்பத்தால் அந்த லிஃப்ட் அன்று இரண்டாவது தடவையாக நின்றது. அவர் என் அருகில் வந்து, பொறுமையாக, “நீங்கள் இறங்குகிறீர்களா, திரும்ப மேலே போகிறீர்களா?” என்று கேட்டார். மேலே தொங்குகிறவர்கள் எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவும்.