நிலாப் படம் பார்த்த சாயங்காலம்

அப்போது பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அலசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு குளித்தாலும் வாடை போகாது. டீக்கடையில் எங்களை ஒட்டி யாரும் நிற்க மாட்டார்கள். பூவில் வாடை ஏறிவிடும் என்று பூ வியாபாரி கூடையோடு நகர்ந்துகொள்வார்.

மனிதன் ராக்கெட்டில் நிலாவுக்குப் போகும் இங்கிலீஷ் படம், மாதக்கணக்கில் காக்கவைத்துவிட்டு ஒருவழியாக வந்தது. பகல் ஆட்டம் விட்டதும் எல்லோரும் டீக்கடையில் கூடினோம்.

"அங்க காலு தரையில பாவவே இல்ல, பாத்தியா அப்பு?" என்று அதே பூ வியாபாரி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அம்புட்டுத் தூரம் போயும் பொட்டுத் தண்ணி இல்லையே!" என்றேன்.

"ஏலே, தண்ணியில்லாத ஊருன்னா இந்தா இருக்கிற சாணார்பட்டிக்கே போயிருக்கலாமே!" என்றது ஒரு குரல். கூட்டமே சிரித்தது.

அந்நேரம் கிழக்கே நிலா ஏறியது. தோளோடு தோள் இடிக்க அண்ணாந்து நின்றோம். யாரும் விலகவில்லை.