நடுங்கும் கையோடு ஒரு மறுதேர்வு

பிரமிளாவுக்கு ஊசி போடத் தெரியாமலில்லை. யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கை நடுங்கும். பினாங்கில் தாதியர் கல்லூரி இரண்டாமாண்டு மாணவி அவள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் தலையணைக்கு ஊசி போட்டே பழகியவள். போன மாதச் செய்முறைத் தேர்வில் சிரிஞ்சைக் கீழே போட்டுத் தோற்றாள். மறுதேர்விலும் தோற்றால் அரையாண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும்.

மாணவிகளின் மன அழுத்தம் குறையக் கல்லூரியில் வாரம் ஒருமுறை மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு நடந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினாலே சிரிஞ்ச் விழுந்த சத்தம்தான் அவளுக்குக் கேட்டது.

"எனக்கு இது பயத்தத்தான் கூட்டுது லா," என்று தோழி ஷஹீராவிடம் அழுதாள்.

"அப்ப கண்ண மூடாத. மூச்சு ஒத்துவரலன்னா கால் தரையில படுறத மட்டும் கவனிக்கலாம்னு அந்த வகுப்பு டீச்சர் சொன்னாங்கல்ல?"

பிரமிளா பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் செய்து பார்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கத்தைக் கண்டு வரும் பயம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

மறுதேர்வு ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றின் வார்டில். ஹபீபா பீவி என்ற நோயாளிக்கு மதிய உணவுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். தேர்வாளர் சாந்தினி மேடம் கட்டிலருகே நின்றார். பெயர், மருந்து, அளவு எல்லாம் சரி. சர்க்கரை அளவு அதிகமென்று அரைமணிக்கு முன் அவர் தாளில் எழுதப்பட்டிருந்தது. ஊசியை எடுத்ததும் விரல்கள் ஆடின.

"டைம் ஓடுதும்மா," என்றார் மேடம்.

பிரமிளா இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தினாள். குதிகால், விரல்கள். அதுவரை சிரிஞ்சையே பார்த்திருந்தவள் நிமிர்ந்தாள். ஏர்கோன் குளிரிலும் ஹபீபா பீவியின் மேலுதடு வியர்த்திருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"கிறுகிறுங்குது பிள்ள. ஒனக்குப் பரீட்சையாச்சேன்னு பேசாம இருந்தேன்."

பிரமிளா ஊசியைத் தட்டில் வைத்தாள். "மேடம், நான் போடல. சுகர மறுபடி பாக்கணும்."

"இப்பத்தான பாத்தாங்க?"

"தெரியும் மேடம். பாக்கணும்." சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து ஹபீபா பீவியின் விரலில் குத்தினாள்.

மூன்று புள்ளி மூன்று; நான்குக்குக் கீழே போகக் கூடாது. ஏற்கெனவே ஆபத்தாக இறங்கியிருந்தது; இன்சுலின் போட்டிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும். மேடம் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பிரமிளா சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் குடிக்க வைத்தாள்; பாதி போர்வையில் சிந்தியது. கால்மணி கழித்து அளவு ஐந்தைத் தாண்டிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் அளவை ஹபீபா பீவியின் தாளில் மாற்றி எழுதியிருந்தது பிறகு தெரிந்தது.

ஊசி போடாததால் அன்று அவளுக்குத் தேர்ச்சி கொடுக்க முடியவில்லை. அடுத்த வாரம் வேறு நாள் கொடுத்தார்கள். அன்றும் கை நடுங்கியது. ஊசி சரியாக இறங்கியது. தேறிவிட்டாள்.

இப்போது மூன்றாமாண்டு. நோயாளி யாராவது கையைப் பார்த்துக் கேட்டால், "ஆமாங்க, நடுங்கும். ஆனா பாத்துத்தான் போடுவேன்," என்கிறாள்.