மைமூனின் குரல் எனக்கும் கேட்டது

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொன்னேன்.

என் குற்றம் இதுதான். பிறர் பொருளைத் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை... ஆனால் ஒரு மனிதர் தன் காதுகளையே நம்பமுடியாதபடி செய்துவிட்டேன். இதை நான் வேறு யாரிடம் சொல்வேன்? நீங்கள் என்னை அறியாதவர்கள். அதனால் சொல்கிறேன்.

உத்தமபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியன். சுல்தான் ராவுத்தர் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. எங்களை இணைத்தது பாட்டுப் பைத்தியம். ஞாயிறுதோறும் அவர் வீட்டு மாடியறையில் கூடுவோம். நண்பர்கள் நாலைந்து பேர் வருவார்கள். பாட்டைவிட வாக்குவாதமே அதிகம்! அவர் மனைவி மைமூன் தேநீர்த் தட்டுடன் வந்து, "இன்னும் சண்ட ஓயலையா?" என்று சிரிப்பார்.

அந்த மைமூன் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். அவர் குரலில் மிஞ்சியது ஒரே ஒரு சி.டி. பேத்தியைத் தொட்டிலில் போட்டு அவர் பாடிய தாலாட்டை மருமகன் பதிவு செய்து வைத்திருந்தார்.

அடுத்த ஆண்டு ராவுத்தர் கொச்சியிலிருந்து ஒரு சி.டி. பிளேயர் வரவழைத்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். விலையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தகட்டில் இருப்பவை பூஜ்யமும் ஒன்றும்தான், எந்தப் பெட்டி படித்தாலும் ஒன்று ஒன்றுதான் என்று நண்பர்கள் முன்னால் வகுப்பெடுத்தேன்.

அவர் விடவில்லை. "எண்ணு சரிதேன் சார். அது சத்தமா மாறுற நேரம் பிசகக் கூடாதுல்ல? உள்ள இருக்கிற கடிகாரம் கொஞ்சம் தடுமாறுனாலும் நுணுக்கமெல்லாம் கலங்கிப் போகும். கரண்டு இரைச்சலும் உள்ள வரக் கூடாது. அதுக்குத்தேன் இம்புட்டுக் கனம்."

"கொச்சிக்காரன் ஒங்க தலையில நல்லாக் கட்டிட்டான் பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் மகள் ஆயிஷா பள்ளிக்கே என்னைத் தேடி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அத்தாவுக்கு என்னமோ ஆயிருச்சு சார். பாட்டுக்கு நடுவுல அம்மா அவுகளக் கூப்பிடுறாகளாம். அதே சி.டி.ய எங்க வீட்டுக்காரவுக எங்க வீட்டு பிளேயர்ல போட்டுப் பாத்தாக, அப்பிடி ஒண்ணுமே இல்லையாம். நீங்க படிச்சவுக. வந்து கேட்டு உள்ளதச் சொல்லுங்க."

"அந்தப் புதுப் பெட்டியில நீ கேட்டியாம்மா?"

"அம்மா கொரலக் கேக்குற தைரியம் எனக்கில்ல சார்."

அந்த ஞாயிறு போனேன். நண்பர்களும் வந்திருந்தார்கள். ஆயிஷா வாசற்படியில் நின்றாள். ராவுத்தர் ஹெட்ஃபோனை எடுத்துத் தம் கையாலேயே என் காதுகளில் பொருத்தினார்.

பாட்டு தொடங்கியது. அவருடைய பழைய பிளேயரில் முன்பு கேட்டபோது எல்லாவற்றையும் மூடியிருந்த மின்விசிறி இரைச்சல் இப்போது எங்கோ ஒதுங்கி நின்றது. தொட்டில் கயிறு உரசுவது தனியே தெரிந்தது. இரண்டாம் அடி முடிந்ததும் ஒரு மூச்சு... பிறகு, குழந்தை விழித்துவிடுமோ என்று அஞ்சியவர்போல, மிக மெல்ல: "ஏங்க..."

மைமூனின் குரலேதான்.

"கேக்குதா சார்?" ராவுத்தர் என் மணிக்கட்டைப் பற்றியிருந்தார்.

நண்பர்களின் கண்கள் என் மேல் இருந்தன. என் பூஜ்யமும் ஒன்றும், நான் எடுத்த வகுப்பு, அவர்கள் சிரித்த சிரிப்பு... ஒரு "ஆமாம்" சொன்னால் அத்தனையும் கவிழ்ந்துவிடும். அவ்வளவுதான் எனக்கிருந்த இழப்பு! அந்த மனிதருக்கு என்ன இழப்பு என்று ஒரு கணம் எண்ணினேனா? எண்ணவில்லை.

"கயிறு உரசுற சத்தம் பாய். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் கை என் மணிக்கட்டிலிருந்து நழுவியது. "அப்பிடியா... சார் சொன்னா சரியாத்தேன் இருக்கும்."

பிளேயர் கொச்சிக்கே திரும்பிப் போனது. அவரை மதுரைக்கு அழைத்துப் போய் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். மாத்திரைகள் வந்தன. பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே, "பாங்கு சொல்லிட்டாகளா?" என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்கத் தொடங்கினார். தொலைபேசி மணி அடித்தால் முதலில் மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பார். ஏலக்காய்க் கடையை மருமகன் ஏற்றுக்கொண்டார்.

பிற்பாடு நான் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். எண்களை ஒலியாக்கும் கடிகாரம் பிசகினால், மின்சாரம் தூய்மையாக இல்லாவிட்டால், முதலில் மங்கிப்போவது மிக மெல்லிய ஒலிகள்தாம்! வியாபாரிக்குத் தெரிந்தது இயற்பியல் ஆசிரியனுக்குத் தெரியவில்லை. ஆனால் என் அறியாமையா என் குற்றம்? இல்லை... என் காது கேட்டதை என் வாய் மறுத்ததே, அதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் துணிந்து போனேன். அதே மாடியறை. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"பாய், அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு. மைமூன் அம்மா ஒங்களக் கூப்பிட்டாக. நான் பொய் சொல்லிட்டேன்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசமாட்டாரா என்று ஏங்கினேன்! அவரோ என் கையைத் தடவிக் கொடுத்தார்.

"எனக்காகச் சொல்றீக. வீட்ல உள்ளவுகளும் இப்பிடித்தேன்... எம் மனசு நோகக் கூடாதுன்னு எதையாச்சும் சொல்லுவாக. நீங்க நல்ல மனுசன் சார்."

சத்தியம் செய்தேன். அவர் புன்னகை மாறவில்லை. சி.டி.யை வாங்கிப்போய் நல்ல பிளேயர் ஒன்றில் போட்டுக் காட்டியே தீருவது என்று கீழே இறங்கி ஆயிஷாவிடம் கேட்டேன்.

அவள் குரல் தணிந்தது. "அது இல்ல சார். மாத்திர ஆரம்பிச்ச அன்னிக்கே நாந்தேன் உடைச்சுப் போட்டேன். வேற பதிவும் கெடையாது. அது கண்ணுல பட்டா அத்தாவுக்கு மறுபடியும் வந்துரும்னு பயம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான சொன்னீக... நான் செஞ்சது சரிதான சார்?"

உண்மையைச் சொன்னால், தாயின் குரலை உடைத்துப் போட்ட பாரத்தைத் தந்தைக்குப் பதில் இனி மகள் சுமப்பாள். சொல்லாவிட்டால்? அது கருணையா, மறுபடியும் கோழைத்தனமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"சரிதாம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "இருங்க சார், டீ போடுறேன்" என்று உள்ளே போனாள். அவள் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.